இடமிருந்து வலம்

நூற்றாண்டு மலருக்குப் பழைய படம் வேண்டுமென்று
பீரோவின் அடித்தட்டைக் குடைந்ததில்
ஒரு பிஸ்கட் டின், உள்ளே ஏழு படங்கள்.
உப்புக்காற்று ஓரம் தின்றது போக மிச்சம்.
பின்பக்கம் ஊதா மையில் சாய்ந்த கையெழுத்து:
கை கழுவுதல். வரிசையில் நிற்றல்.
மதிய உணவு உண்ணுதல். சிலேட்டில் எழுதுதல்.
மூக்கையூர், 1967. அன்றாட நிகழ்வுகள்.

அன்றாடம்தான். ஆனால்
சன்னலுக்கு வெளியே பாருங்கள், கரையில் எத்தனை வள்ளம்.
பதினெட்டு எண்ணினேன், அதற்குமேல் சட்டம் மறைக்கிறது.
எங்கள் ஊரில் எல்லா வள்ளமும் ஏறிக் கிடந்தால்
ஒன்று புயல், இல்லையென்றால் ஞாயிறு.
பிள்ளைகளின் நிழல் கத்திபோல் விழுந்திருக்கிறது.
புயல் இல்லை.

ஆக, பூசை முடிந்த கையோடு கூட்டி வந்திருக்கிறார்கள்.
முதுகுளத்தூர் ஸ்டுடியோக்காரருக்கு அன்றுதான் தோது.
திங்கட்கிழமையை
ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு நடிக்கிறார்கள்.

ஸ்கேனரில் பெரிதாக்கினேன்.
மதிய உணவு உண்ணுதல்:
அலுமினியத் தட்டுகள் பளபளவென்று காலி.
அடுப்பு மூட்டாத நாள், கோதுமை உப்புமா ஒரு பருக்கை இல்லை.
கைகள் வாய்க்குப் போகின்றன.
ஒருத்தி கன்னம் உப்ப மெல்லுகிறாள்,
காற்றை.
பக்கத்துச் சின்னவன் மட்டும் நடிக்க வராமல்
தட்டைத் திருப்பி அடியில் பார்க்கிறான்.

சிரிப்பு வந்தது. பிறகு நின்றது.
நேற்றுக் காலை நானும்தான்
சாப்பிட்டு எழுந்த பிள்ளைகளை
உட்கார், உட்கார், படம் விழவில்லை என்று
மறுபடி உட்கார வைத்தேன்.
செயலியில் ஏறுவதற்குள் ஒன்பதேகால்.
கழுவிய தட்டில்
எவ்வளவு அழகாகச் சாப்பிட்டார்கள்.

மலருக்குப் பெயர் வேண்டும், இடமிருந்து வலம்.
அந்த ஆண்டு வருகைப் பதிவேட்டில்
கரையான் கடைசிப் பக்கங்களைத்தான் எடுத்திருந்தது.
ஒன்றாம் வகுப்பு, முப்பத்தொன்று.
சந்தியாகு, பிரகாசி, தொம்மை, சலேத்தம்மாள்…
ஐஸ் கம்பெனி வரை எடுத்துப்போய்க் காட்டி
ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் வாங்கினேன்.
ஒரு மூக்குக்கு இரண்டு குடும்பம் சண்டை.
சிலேட்டில் எழுதும் படத்தில்
முப்பத்திரண்டு தலை.

கடைசி வரிசையின் வலது ஓரம்.
மற்றதுகளைவிட ஒரு சாண் உயரம், ஒன்பது வயது இருக்கும்.
குச்சியை முஷ்டியில் பிடித்திருக்கிறாள்
சிப்பி உடைக்கிற மாதிரி.
விரல்களில் கந்தல் சுற்று.
பாசி எடுக்கிற விரல். பாறை கிழித்தால் ஆறுவதற்குள்
அடுத்த கிழிசல் வந்துவிடும்.
வாரமெல்லாம் தீவோரம் கழுத்தளவுத் தண்ணீர்,
ஞாயிறுதான் அவளுக்குக் கரை.
ஓரம் மொட்டையாகத் தெரிகிறதே என்று
யாரோ கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

மற்ற சிலேட்டுகளில் அ.
முப்பத்தொரு அ, சிலது முகம் திரும்பி.
அவளுடையதில் கோடுகள்:
நான்கு நின்று, ஐந்தாவது குறுக்கே படுத்து,
அப்படி ஆறு கட்டு, பிறகு மூன்று தனி.
முப்பத்து மூன்று.
கூடையா, நாளா, வியாபாரி தரவேண்டிய காசா?
தலைகளை எண்ணியிருந்தால்
கேமராக்காரரையும் சேர்த்திருக்கிறாள்.

கடைசியில்: பெயர் தெரியவில்லை, என்று அடித்துக் கொடுத்தேன்.
"நல்லாவா இருக்கு டீச்சர், அந்த ஓரத்தை வெட்டிருங்க"
என்றார் தலைமையாசிரியை.
வெட்டிப் பார்த்தோம்.
அவளோடு தொம்மையின் பாதி முகமும் போயிற்று.
தொம்மையின் மகன்தான்
மலருக்கு ஐம்பதாயிரம் தந்தவர்.

அதனால் அவள் இருக்கிறாள்.
முப்பத்தொரு பெயர், ஒரு காற்புள்ளி,
அப்புறம் கொஞ்சம் வெற்றிடம்.
அச்சகத்திலிருந்து போன்:
ஏதோ விட்டுப்போயிருக்கு மேடம், பிழையா?
பிழைதான், என்றேன்.
இருக்கட்டும்.